கிழிந்த வலையில் ஏறிய கொடி

என் பெரியம்மாவை நினைத்தால் முதலில் கண்ணில் நிற்பது ஒரு கிழிந்த வலை. அவள் வீட்டு வாசலில் இரண்டு சவுக்குக் கம்புகளை நட்டு, நடுவே ஒரு பழைய சுத்துவலையை இழுத்துக் கட்டியிருந்தாள். தை மாதக் காலையில் போய்ப் பார்த்தால் வலைக்கண்ணிகளை ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு மெல்லிய பச்சைக் கொடிகள் மேலே ஏறியிருக்கும். கொடி நுனியில் இருக்கும் பற்றுக்கம்பி, கைக்கு எட்டின கண்ணியைச் சுற்றி வளைத்து முடிச்சுப் போட்டதுபோல இறுக்கிக்கொள்ளும். இடையிடையே ரோஸ், ஊதா, வெள்ளை என்று பூக்கள். பக்கத்தில் போனால் ஒரு வாசனை. ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கும் எங்கள் மணல் குப்பத்தில், கருவாட்டு வாடையைத் தாண்டி மூக்குக்கு எட்டிய ஒரே நல்ல வாசனை அதுதான் என்று இன்றைக்கும் சத்தியம் செய்வேன். அந்தக் கொடியைக் காரணம் காட்டித்தான் ஊரே சேர்ந்து ஒரு பொம்பளையைத் துரத்தியது. இத்தனை வருஷம் கழித்து இதை எழுத உட்கார்ந்தாலும் எனக்குக் கோபம் ஆறவில்லை.

பெரியம்மா என்றால் என் நைனாவின், அதாவது அப்பாவின், அண்ணன் மனைவி. எங்கள் வீடும் அவள் வீடும் பக்கத்துப் பக்கத்து வீடு. அவளுக்குப் பிள்ளை இல்லை. பெரியப்பா ஏரியில் வலை போடுகிறவர். சிரித்த முகம், நல்ல உயரம், யார் எதைச் சொன்னாலும் 'ஆவட்டும்' என்பார். ஒரு வருஷம் இறால் நன்றாகப் பட்டது என்று குப்பத்து ஆம்பளைகள் வேன் பிடித்து ஊட்டிக்குப் போனார்கள். கிளம்பும்போது பெரியம்மா அவரிடம் கேட்டது ஒன்றே ஒன்று. "மீனு நாத்தம் அடிக்காத எதுனா ஒண்ணு வாங்கியா." மற்றவர்கள் யூகலிப்டஸ் தைலமும் வர்க்கி பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு வந்தார்கள். பெரியப்பா ஒரு பூங்கா வாசலில் விற்ற விதைப் பாக்கெட்டை வாங்கி வந்தார். அட்டையில் பூவின் படம் போட்டு ஸ்வீட் பீ என்று எழுதியிருந்தது. அதற்குத் தமிழில் என்ன பேர் என்று கடைக்காரருக்கும் தெரியவில்லையாம், பட்டாணி ஜாதி என்று மட்டும் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

வந்த சூட்டோடு மாசி மாதத்தில் பாதி விதையைப் போட்டார்கள். முளைத்தது, நாலு இலை விட்டது, வெயிலில் கருகிவிட்டது. குளிரில் வளர்கிற செடி எங்கள் மாசி வெயிலுக்கு என்ன செய்யும்? பெரியப்பா சிரித்தார். "ஊட்டிக்காரிக்கு நம்ம ஊரு ஒத்துக்கல" என்றார். அந்த ஐப்பசியில் ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தில் அலை தோணியைக் கவிழ்த்துவிட்டது. கூடப் போனவர்கள் நீந்திக் கரை சேர்ந்தார்கள். பெரியப்பாவை மறுநாள் கண்டெடுத்தார்கள்.

காரியம் முடிந்து, மழையும் ஓய்ந்து, கார்த்திகையில் பெரியம்மா மிச்ச விதையை எடுத்துத் தண்ணீரில் ஊறப்போட்டாள். மணலில் குழி தோண்டி, ஆட்டுப் புழுக்கையும் இறால் ஓட்டுத் தூளும் போட்டு நிரப்பி, விதை ஊன்றினாள். பெரியப்பாவின் கிழிந்த வலையைப் பந்தலுக்குக் கட்டினாள். எங்கள் ஊரில் குடிதண்ணீர் அரிது என்பதால் அரிசி களைந்த தண்ணீரையும் முகம் கழுவின தண்ணீரையும் சேர்த்துவைத்து ஊற்றினாள். அதற்கே பேச்சு ஆரம்பித்துவிட்டது. புருஷன் செத்து மாசம் ஆகவில்லை, அதற்குள் பூச்செடி கேட்கிறதா என்றார்கள். செத்தவன் வலையை யாருக்காவது கொடுக்காமல் கொடிக்குப் பந்தல் போட்டுவிட்டாள் என்றார்கள். பூ வைக்காத தலைக்குப் பூந்தோட்டம் எதற்கு என்று கேட்டவர்களில் என் சொந்த அம்மாவும் ஒருத்தி. கேட்கிறேன், பூவைத் தலையில் வைக்கக் கூடாது என்று சொன்னது ஊர். சரி, அவள் வைக்கவில்லை. மூக்கால் முகர்ந்து பார்க்கக் கூடாது என்று எந்தச் சாமி சொன்னது?

தையில் பூத்தது. ஊட்டி அட்டைப் படத்தில் இருந்ததுபோல் கொத்துக் கொத்தாக இல்லை. காம்புக்கு ஒன்று, இரண்டு. அது போதும் எங்களுக்கு. பள்ளிக்கூடம் போகிற பெண்கள் எல்லாம் வழியில் நின்று பார்ப்போம். பூவின் அமைப்பே வேடிக்கை. பின்னால் ஒரு பெரிய இதழ் பாய் விரித்தாற்போல் நிமிர்ந்து நிற்கும். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு இதழ். நடுவில் கீழ் இதழ்கள் இரண்டும் ஒட்டிக்கொண்டு தோணியின் அடிப்பக்கம் மாதிரி இருக்கும். தோணிக்காரர் வீட்டுப் பெண்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. பெரியம்மாதான் ஒருநாள் எங்களை மணல்மேட்டுக்கு அழைத்துப் போய், அங்கே தரையோடு படர்ந்து கிடந்த காட்டு அவரையின் ஊதாப் பூவைக் காட்டினாள். அதிலும் அதே பாய், அதே தோணி. ஆனால் தலைகீழாக, பாய் கீழே, தோணி மேலே. "பாருங்கடி, இது கவுந்த தோணி" என்றாள். எங்களில் ஒருத்தி வேலியோரத்துக் கொடியிலிருந்து சங்குப்பூவைப் பறித்து வந்தாள். அதுவும் கவிழ்ந்த தோணிதான். பெரியம்மா வீட்டுப் பூ மட்டும் நிமிர்ந்து மிதந்தது.

இப்போது நான் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். இவை எல்லாம் ஒரே குடும்பம் என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறேன். பட்டாணி, அவரை, சங்குப்பூ, மணல்மேட்டுக் காட்டு அவரை, புதரில் ஏறும் குன்றிமணி. ஒரே மாதிரி பூ, ஒரே மாதிரி காய், குணம் மட்டும் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு விதம். பட்டாணியைத் தின்னலாம். காட்டு அவரைப் பிஞ்சைப் பசிக்காலத்தில் வேகவைத்து, தண்ணீரை இறுத்துக் கொட்டிவிட்டுத் தின்றிருக்கிறார்கள். ஸ்வீட் பீ விதையைத் தின்னக் கூடாது. குன்றிமணியோ நல்ல விஷம். அந்த விஷத்தை எங்கள் குப்பத்தில் வீட்டுக்கு வீடு டப்பாவில் போட்டு வைத்துப் பெண்பிள்ளைகள் விளையாடினோம். அதற்காக ஒரு நாளும் ஊர்க்கூட்டம் கூடவில்லை.

ஒரு நாள் பெரியம்மா எனக்கு ரோஸ் நிறப் பூ ஒன்றைப் பறித்துப் பின்னலில் செருகிவிட்டாள். வீட்டுக்குள் நுழைந்தேன், அம்மா என் கன்னத்தில் ஓர் அறை விட்டாள். பூவைப் பிடுங்கி அடுப்பில் போட்டாள். "தாலி அறுத்தவ கையால பூ வாங்கி வச்சிக்கினு வந்து நிக்கிறியா, உனுக்கு நல்ல வாழ்க்கை வேணாமா?" என்றாள். பெரியம்மா வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஓலைத் தடுப்புதான். அவளுக்குக் கேட்டிருக்கும். அதற்குப் பிறகு அவள் யாருக்கும் பூ பறித்துக் கொடுக்கவில்லை, நாங்களாகப் பறித்தால் பார்க்காத மாதிரி இருந்துகொள்வாள்.

பாடு என்றால் என்ன என்று இங்கே சொல்லியாக வேண்டும். ஏரியில் எல்லா இடத்திலும் மீன் ஒரே மாதிரி கிடைக்காது. இறாலும் மடவையும் ஓடுகிற நல்ல இடங்களை ஊர்த் தலைக்கட்டுகள் தங்களுக்குள் முறை வைத்துக்கொண்டு வலை போடுவார்கள். இன்றைக்கு ஒரு கூட்டத்துக்கு முறை என்றால் நாளைக்கு வேறு கூட்டம். ஒருவன் முறையில் இன்னொருவன் கை வைக்க மாட்டான். இந்த ஒழுங்கைப் பற்றி எங்கள் ஆம்பளைகளுக்குப் பெருமை தாங்காது. வெளியூர்க்காரர் யாராவது வந்தால் உட்காரவைத்து விளக்குவார்கள், எங்களில் சண்டையே கிடையாது, எல்லாருக்கும் சமம் என்பார்கள். எல்லாருக்கும் என்றால் எல்லா ஆம்பளைக்கும். பெண்ணுக்குப் பாடு கிடையாது. புருஷன் செத்தால் அவன் முறையில் அவள் வேறு ஆளை அனுப்பிப் பாதிப் பங்கு வாங்கிக்கொள்ளலாம், அதுவும் ஊர் பார்த்து அனுமதித்தால். பெரியம்மாவுக்காக அப்படிப் போனவர் என் நைனா. பெரியம்மா அடுப்பு எரிந்தது அந்தப் பாதிப் பங்கில்தான். அது போனால் அவளுக்கு அந்த ஊரில் ஒரு பிடி சோறு இல்லை.

இன்னொரு கொடியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஏரிக்குள் வந்து விழுகிற ஓடைகளின் ஓரத்தில், சேற்றுப் புதர்களின்மேல் ஏறிப் படரும் ஒரு கொடி உண்டு. பளபளப்பான இலை. வெளுத்த ரோஸ் நிறத்தில் பூங்கொத்து. அதன் வேரை இடித்துத் தேங்கின தண்ணீரில் கலக்கினால் மீன் மயங்கி மேலே வந்துவிடும். அதற்கு ஒரு பேர் இருக்கிறது, ஆனால் எங்கள் ஊரில் அதைச் சொல்ல மாட்டார்கள். சொன்னால் ஏரிக்குக் கேட்டுவிடும், வலை வெறும் வலையாக வரும் என்று பயம். 'அந்தக் கொடி' என்றுதான் சொல்வார்கள். பிடிபட்டால் பாடு பறிபோகும் என்பது ஊர்க் கட்டுப்பாடு. பிடிபடாமல் அதைக் கலக்கினவர்கள் யார் யார் என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். அத்தனை பேரும் ஆம்பளைகள். ஒருத்தர் பாடும் பறிபோனதில்லை.

அந்த வருஷம் பங்குனியிலேயே முகத்துவாரம் மணல் மூடிக்கொண்டது. கடல் தண்ணீர் ஏரிக்குள் வர வழியில்லை. சித்திரை வெயிலில் தண்ணீர் வற்றிக் கணுக்கால் அளவுக்கு வந்து, காலை வைத்தால் சுடுகிற மாதிரி ஆகிவிட்டது. பெரியம்மாவின் கொடி எப்போதோ காய்ந்துவிட்டது. அவள் முற்றின காய்களை உடைத்து விதையை அடுத்த வருஷத்துக்கென்று எடுத்துவைத்தாள். காய்ந்த கொடியை வலையிலிருந்து பிய்த்து, சருகோடு சருகாக வாரிக்கொண்டு போய் ஏரிக்கரையில் போட்டாள். ஊரே குப்பையை அங்கேதான் போடும். காற்று கொஞ்சம் கொடியைத் தண்ணீருக்குள் தள்ளிவிட்டது. மறுநாள் காலை ஏரி முழுக்க மடவை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தது.

கரைக்கு ஓடினவர்கள் கண்ணில் முதலில் பட்டது தண்ணீரில் கிடந்த கொடி. கொடி என்றதும் அவர்களுக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. வேறு ஊர்க்காரனாக இருந்தால் தண்ணீர் கொதிக்கிறதே என்று பார்த்திருப்பான். எங்கள் ஊரில் மீன் மிதந்தால் தண்ணீரைப் பார்க்க மாட்டார்கள், கொடியைத் தேடுவார்கள். அப்படி வளர்த்திருக்கிறார்கள்.

அன்றைக்கே கங்கையம்மன் கோயில் எதிரில் கூட்டம் போட்டார்கள். ஆம்பளைகள் மணலில் வட்டமாக உட்கார்ந்தார்கள். பெரியம்மா நின்றாள். நாங்கள் பிள்ளைகள் கோயில் மதிலின்மேல் ஏறி உட்கார்ந்து பார்த்தோம். ஊருக்குப் பெரியதனம் பார்த்தவர் கையில் அந்தக் காய்ந்த கொடியும் ஒரு காயும் இருந்தன. "இது இன்னா கொடி?" என்றார். பெரியம்மா சொன்னாள். அந்தப் பேர் யாருக்கும் தெரியாது. "நம்ம ஊர்ல இல்லாத கொடி உன்கிட்ட எப்டி வந்துச்சி?" என்றார். "எங்க வூட்டுக்காரர் ஊட்டிலேந்து வாங்கியாந்தாரு. நீங்களுந்தான கூடப் போனீங்க?" என்றாள். அவர் காயைத் தூக்கிக் காட்டினார். "அந்தக் கொடிக்கும் இப்டித்தான் காய் தொங்கும். பூவும் அதே மாதிரி பூதான், நானே பார்த்துகீறேன். பூ ஒரே ஜாதின்னா கொணம் மட்டும் எங்கேந்து மாறும்?" என்றார். கூட்டம் தலையை ஆட்டியது. கூட்டத்தில் பாதிப் பேர் அன்று காலையில் அவரைக்காய்க் குழம்பு சாப்பிட்டுவிட்டு வந்தவர்கள்.

பழவேற்காட்டிலிருந்து நண்டு எடுக்க வந்த முஸ்லிம் வியாபாரி ஓரமாக நின்றுகொண்டிருந்தார். அவர் பொறுக்க முடியாமல் வாயைத் திறந்தார். "நான் இப்பத்தான் வடக்கேந்து வர்றேன். ஆந்திராப் பக்கத்துக் குப்பத்துலயும் மீனு மெதக்குது. இந்தம்மா ஒரு கூடை சருகு போட்டு அம்மாந்தூரத்துக்கு மீனு சாவுமா?" என்றார். "பாய், நீங்க வந்தமா நண்டு எடுத்தமான்னு போங்க, இது எங்க ஊர் வெவகாரம்" என்றார்கள். அவர் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டார்.

அப்போது பெரியம்மா செய்த காரியம்தான் இன்றும் என் கண் முன்னால் நிற்கிறது. "செத்த இருங்க" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று வீட்டுக்குப் போனாள். ஓர் அகலமான மண்பானையில் தண்ணீரோடு திரும்பி வந்தாள். அதில் மடவைக் குஞ்சுகள் நீந்திக்கொண்டிருந்தன. ஓடைப் பள்ளத்தில் இன்னும் கொஞ்சம் குளிர்ச்சியாக இருந்த தண்ணீரில் காலையிலேயே போய் அரித்து வைத்திருக்கிறாள். பெரியதனக்காரர் கையிலிருந்த கொடியைக் கேட்டு வாங்கினாள். அதைக் கல்லில் வைத்து நசுக்கிப் பானைக்குள் போட்டுக் கையால் கலக்கினாள். கூட்டத்து நடுவில் வைத்துவிட்டு, "பாருங்க, செத்துச்சின்னா என்னிய இன்னா வேணா பண்ணுங்க" என்றாள். நின்றுகொண்டே இருந்தாள். ஆம்பளைகள் பீடி பற்றவைத்தார்கள், ஏரி பற்றியும் காற்று பற்றியும் பேசினார்கள், ஒருத்தர் மாற்றி ஒருத்தர் எழுந்து வந்து பானைக்குள் எட்டிப் பார்த்தார்கள். மீன்குஞ்சுகள் நசுங்கின கொடிக்கு நடுவில் பூந்து பூந்து விளையாடின. வெயில் உச்சிக்கு ஏறிவிட்டது. மதில்மேல் உட்கார்ந்திருந்த எங்களுக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை, பெரியம்மா ஜெயித்துவிட்டாள் என்று ஒருத்தி தொடையை ஒருத்தி கிள்ளிக்கொண்டோம்.

"பானைத் தண்ணி வேற, ஏரித் தண்ணி வேற" என்றார் பெரியதனக்காரர்.

அவ்வளவுதான். அந்த ஒரு வாக்கியத்துக்கு மேல் அவரிடம் எதுவும் இல்லை, தேவையும் இருக்கவில்லை. என் நைனா எழுந்தார். அண்ணிக்காகப் பேசப்போகிறார் என்று நினைத்தேன். "கம்முனு வீட்டுக்குப் போ அண்ணி, ஏன் ஊர் முன்னாடி மானத்த வாங்குற" என்று சொல்லிப் பானையைத் தூக்கி மணலில் கவிழ்த்தார். மீன்குஞ்சுகள் சுடுமணலில் துள்ளின. கொஞ்சநேரத்தில் அடங்கிவிட்டன. கூட்டத்தில் ஓர் ஆள் அவற்றைக் காலால் புரட்டிப் பார்த்துவிட்டு, "தோ, செத்துப்போச்சில்ல" என்றான். சிலர் சிரித்தார்கள்.

தீர்ப்புச் சொன்னார்கள். பெரியப்பாவின் முறை இனிமேல் பெரியம்மாவுக்கு இல்லை. அது அடுத்த ரத்தத்துக்குப் போகும். அடுத்த ரத்தம் என்றால் என் நைனா. பெரியம்மாவோடு யாரும் பேச்சு வைத்துக்கொள்ளக் கூடாது, நெருப்பும் தண்ணீரும் கொடுக்கக் கூடாது. தப்பு என்று ஒத்துக்கொண்டு ஊர் முன்னால் விழுந்து கும்பிட்டால் விலக்கை மட்டும் எடுப்போம், பாடு திரும்ப வராது என்றார்கள். பெரியம்மா விழவில்லை. கவிழ்ந்த பானையை எடுத்துக்கொண்டு போனாள்.

என் நைனா அவளைக் குற்றவாளி என்று நினைத்தாரா என்று நிறையத் தடவை யோசித்திருக்கிறேன். நினைக்கவில்லை. எனக்கு அது நிச்சயம். முகத்துவாரம் மூடினால் ஏரி என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாதா? பிறந்ததிலிருந்து அதில் கிடப்பவர். ஆனால் பாதிப் பங்கு கொடுத்த முறை முழுப் பங்காக வருகிறது என்றால் ஒரு மனிதனுக்கு எத்தனையோ விஷயம் தெரியாமல் போய்விடுகிறது. கெட்டவர் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுப் போக எனக்கும் ஆசைதான். எனக்குக் காய்ச்சல் வந்தால் தோளில் போட்டுக்கொண்டு தோணி பிடித்துப் பழவேற்காட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினவர் அவர்தான். அதனால்தான் கோபம் இன்னும் அதிகமாக வருகிறது.

பெரியம்மா சில நாள் தாக்குப்பிடித்தாள். கடைக்காரன் சாமான் கொடுக்கவில்லை. தோணிக்காரன் ஏற்றிக்கொள்ளவில்லை. ஒருநாள் விடியும்போது ஒரு துணி மூட்டையோடு மணல்மேட்டு வழியாக நடந்தே போய்விட்டாள். பள்ளிக்கூடம் போகும்போது பார்த்தேன், அவள் வாசலில் சவுக்குக் கம்பு மட்டும் நின்றது. வலையை நைனா அவிழ்த்துக்கொண்டு வந்து எங்கள் வீட்டுப் பின்பக்கம் போட்டிருந்தார்.

நான் சென்னையில் காலேஜ் படித்தபோது பொன்னேரியிலிருந்து ரயிலில் போய் வருவேன். ஒரு நாள் மீஞ்சூர் பிளாட்பாரத்தில் ஒருத்தி அடுக்குப் பாத்திரத்தோடு நின்றுகொண்டிருந்தாள். முடி நரைத்திருந்தது, முகம் மாறவில்லை. இறங்கி ஓடினேன். அங்கே ஒரு கம்பெனி கேன்டீனில் சமையல் வேலை, ஓர் அறை வாடகைக்கு. ஊரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. 'சாப்ட்டியா?' என்றுதான் கேட்டாள். அன்றிலிருந்து நான் அவளிடம் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். வேலை கிடைத்துப் பொன்னேரியிலேயே தனியாகக் குடித்தனம் வந்தபிறகும் மாதம் ஒருமுறையாவது போவேன். வீட்டுக்குத் தெரியும். யாரும் தடுக்கவில்லை, யாரும் அவளை விசாரிக்கவுமில்லை.

போன ஆடிக்கு முன்னால் நைனா எனக்குப் போன் செய்து, பெரியம்மா வீட்டுக்குக் கூட்டிப் போ என்றார். எனக்குக் காதில் விழுந்தது நிஜம்தானா என்று இருந்தது. விஷயம் இதுதான். வருஷா வருஷம் முகத்துவாரம் மூடுகிறது, ஏரி குறைகிறது, இறால் இல்லை. கங்கையம்மன் கோயிலில் சாமி வந்து ஆடினவர், ஒரு பொம்பளை வயிறெரிந்து போயிருக்கிறாள், அவளைக் கூப்பிட்டு மனசைக் குளிரவைக்காமல் ஏரி திரும்பாது என்று சொல்லிவிட்டார். ஊரில் அது யார் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. உடனே எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. இத்தனை வருஷம் தெரியாத மாதிரி இருந்தவர்களுக்கு எவ்வளவு சீக்கிரம் தெரிகிறது பாருங்கள்!

தட்டில் புடவை, வெற்றிலை பாக்கு, பழம் எல்லாம் வைத்து நைனா கொண்டுவந்தார். பூவும் இருந்தது. பெரியம்மாவுக்குப் பூ! எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. பெரியம்மா அவரை நாற்காலியில் உட்காரவைத்து டீ போட்டுக் கொடுத்தாள். நைனாவுக்குக் கண் சரியாகத் தெரிவதில்லை, அறையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "ஊர் உன்ன மன்னிச்சிட்ச்சி அண்ணி. பழசெல்லாம் எடுத்தாச்சி. திருவிழாவுக்கு வந்து, கோயிலாண்ட ஊர் முன்னாடி ஒருதபா வுழுந்து கும்ட்டு, தப்பாய்டுச்சின்னு ஒரு வார்த்தை சொல்லிடு. அவ்ளோதான். அப்பறம் நீ எப்ப வேணா வா, போ."

பெரியம்மா, "தம்பி, நீ மன்னிப்பு குடுக்க வந்தியா, கேக்க வந்தியா?" என்றாள்.

"ஊர் குடுக்குது அண்ணி."

"ஊரு கெடக்கட்டும். நீ இன்னாத்துக்கு வந்த?"

நைனா டீ டம்ளரைக் கையிலேயே உருட்டிக்கொண்டிருந்தார். பெரியம்மா குரலை உயர்த்தவில்லை. "சரி, வுழறேன். ஊர்ல எல்லார் முன்னாடியும் வுழறேன். அவரு பாட்ட எனுக்குத் திருப்பிக் குடு. என் பேர்ல. நான் ஆளு வச்சி வலை வுட்டுக்கிறேன். அத்த மட்டும் ஊரு முன்னாடி சொல்லு, அடுத்த நிமிஷம் நான் வுழறேன்" என்றாள்.

"பொம்பளைக்கு ஏது அண்ணி பாடு?" என்றார் நைனா. யோசித்துச் சொன்னதுபோல் இல்லை. காலங்காலமாக வாயில் இருந்தது, தானாக வந்துவிட்டது.

பெரியம்மா சிரித்தாள். தட்டிலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்து என் கையில் கொடுத்தாள். மிச்சத்தை அப்படியே நைனா பக்கம் நகர்த்தினாள். "டீய குடி, ஆறிடப்போவுது" என்றாள். திரும்பும்போது பஸ்ஸில் நைனா தட்டை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். நான் வாயைத் திறந்திருந்தால் பஸ்ஸில் எல்லாரும் திரும்பிப் பார்க்கிற மாதிரி ஆகியிருக்கும்.

திருவிழா நன்றாக நடந்ததாம். தட்டு வைத்துக் கூப்பிட்டோம், திமிர் பிடித்தவள் வரமாட்டேன் என்றுவிட்டாள் என்று அம்மனிடமே சொல்லிவிட்டார்களாம். இனிமேல் ஏரியில் தண்ணீர் குறைந்தாலும் அவள்தான் காரணம், மீன் செத்தாலும் அவள்தான் காரணம். ஏற்கெனவே சுமத்தினது போதாது என்று இதையும் தலையில் ஏற்றிவிட்டார்கள். முகத்துவாரத்து மணல் மட்டும் யார் பேச்சையும் கேட்காமல் அங்கேயே கிடக்கிறது.

போன வாரம் பெரியப்பாவின் முறை வந்திருக்கிறது. இப்போது என் தம்பி போகிறான். அதிசயமாக நல்ல மடவை பட்டதாம். அம்மா ஒரு பை நிறைய மீனைச் செதில் நீக்கி, உப்பு மஞ்சள் தடவி, பஸ்ஸில் வந்த ஆளிடம் கொடுத்தனுப்பினாள். நான் பையை அப்படியே அதே ஆளிடம் திருப்பி அனுப்பிவிட்டேன். சாயங்காலம் அம்மா போன் செய்தாள்.

"இன்னாடி, மீனு கெட்டுப்பூட்ச்சா?"

"மீனு நல்லாத்தாம்மா இருந்திச்சி. அது பெரிம்மா மீனு. மீஞ்சூருக்கு அனுப்பு."